ஆட்கூட்டத்தின் வழியே கால்வழி: சப்ரகமுவத் தோட்டக் குடும்பங்களின் மூதாதையரைத் தேடுதல்

1. தேடலின் திசைகள்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டக் குடும்பங்களுக்குள் இப்போது பல தேடல்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. பூட்டன் தமிழ்நாட்டின் எந்த ஊரிலிருந்து வந்தார் என்று சிலர் கேட்கிறார்கள். 1964க்குப் பிறகு இந்தியாவுக்குக் கப்பலேறிய பெரியப்பாவின் பிள்ளைகள் எங்கே என்று வேறு சிலர் கேட்கிறார்கள். 1977, 1981, 1983 கலவரங்களின்போது வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓடியவர்களின் வழிவந்தோரைத் தேடுகிறவர்களும் உண்டு. எதிர்த்திசையில், முசிறி, துறையூர், நாமக்கல் பக்கத்துக் கிராமங்களில் ‘சிலோனுக்குப் போன பங்காளி’ என்ற ஒரே நினைவைக் கையில் வைத்துக்கொண்டு விசாரிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இக்கட்டுரையின் கேள்வி குறுகியது. சப்ரகமுவத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் கால்வழியைத் தொடர எத்தகைய சான்றுகள் உள்ளன, அவற்றை எவ்வளவு தூரம் நம்பலாம்?

இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குப் போனவர்களின் சந்ததியைத் தேடும் மரபோடு ஒப்பிட்டால் இந்தக் கேள்வியின் கடினம் தெரியும். இங்கிலாந்தின் ஒவ்வொரு பங்குக் கோயிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றை எழுதிவைக்க வேண்டும் என்று 1538இலேயே விதிக்கப்பட்டது. அமெரிக்கத் துறைமுகங்கள் 1820 முதல் கப்பல் பயணிகளின் பட்டியலைக் கேட்டுப் பெற்றன. பொஸ்டனில் வம்சாவளி ஆய்வுக்கென்றே ஒரு கழகம் 1845இல் தொடங்கப்பட்டது. புறப்பட்ட ஊரிலும் இறங்கிய துறையிலும் ஏடு உண்டு. இரண்டையும் இணைக்க மாறாத குடும்பப் பெயரும் உண்டு. சப்ரகமுவத் தோட்டத் தொழிலாளருக்கு இந்த மூன்றுமே இல்லை. ஆகவே அங்கே பயன்படும் முறையை, ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போகும் முறையை, இங்கே அப்படியே கையாண்டால் இரண்டாம் தலைமுறையிலேயே வழி அடைபட்டுப்போகிறது. முதலில் தேட வேண்டியது அந்த மனிதர் ஒரு கங்காணியின் (ஆள் சேர்த்து வந்த மேற்பார்வையாளரின்) கீழ் வந்த ஆட்கூட்டத்தையும் அது பதிந்த தோட்டத்தையும் என்பதே என் வாதம்.

2. இதுவரை சொல்லப்பட்டவை

மலையகத் தமிழரின் வருகை பற்றி இரண்டு பொதுக் கருத்துகள் நீண்டகாலம் நிலவின. கோப்பிக் காலத்தில் வந்தவர்கள் பருவகாலக் கூலிகள், அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பியவர்கள். தேயிலை வந்த பிறகே நிலைத்துத் தங்கினார்கள் என்பது ஒன்று. குடியேற்றகால அதிகாரிகளின் அறிக்கைகளிலிருந்து எழுந்த இந்தக் கருத்து, சுதந்திரத்தின்போது அவர்களை ‘வந்து போகிறவர்கள்’ என்று வகைப்படுத்த அரசியல்வாதிகளுக்குக் கைகொடுத்தது. வரலாற்றாசிரியர் பேட்ரிக் பீபிள்ஸ் 2001இல் வெளியிட்ட நூலில் இதை எதிர்த்து, கோப்பிக் காலத்திலேயே தோட்டங்களில் நிலையாகத் தங்கிய தொழிலாளர் இருந்தனர், அதிகாரிகளின் சித்திரம் அதை மறைத்தது என்று வாதிட்டார். அவர் வாதம் எனக்கு ஏற்புடையது. ஆனால் அது மலையகம் முழுவதையும் பற்றியது. ஒரு தனிக் குடும்பத்தின் வருகைக் காலத்தை அதிலிருந்து பெற முடியாது.

மற்றது நம்மவர்களே உருவாக்கியது: ‘இருநூறு ஆண்டு’. 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மேற்கொள்ளப்பட்ட நடைபயணம் அந்த நினைவை நாடறியச் செய்தது. ஒரு மக்கள் கூட்டம் தன் இருப்பைச் சொல்லும் உரிமையான கூற்று அது. ஆயினும் அதைத் தன் குடும்பத்தின் கடிகாரமாக எடுத்துக்கொள்கிறவர் தேடலில் வழிதவறுவார். வருகை 1820களில் தொடங்கி 1939 வரை நீண்டது. அந்த ஆண்டு இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளர் இலங்கைக்குக் குடியகல்வதைத் தடைசெய்தது. தோட்டத்துக்கு முதன்முதலாக ஆள் கட்டப்பட்டு வந்த மூதாதையர் அனைவரும், பொதுவாகச் சொன்னால், அந்தத் தடைக்கு முன் வந்தவர்களே. தேடுகிறவர் கையில் முதலில் கிடைக்கும் உறுதியான எல்லைக்கோடு இது.

3. ஒப்பந்தமும் கடனும்

நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை போன 1,52,184 இந்தியர்களின் கப்பல் பட்டியல்கள் இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் ஓர் எண், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், தாலுகா. மொரீசியசில் ஒப்பந்தக் கூலிகளின் பதிவேடுகள் மகாத்மா காந்தி நிறுவனத்தில் பாதுகாக்கப்படுகின்றன. 1860களிலிருந்து புகைப்படங்களும் உண்டு. அங்குள்ள தமிழ் வழித்தோன்றல் ஒருவர் தன் கொள்ளுப்பாட்டனின் முகத்தையே பார்க்க முடிகிறது.

இலங்கைக்குப் பக்கத்துக் கடலைத் தாண்டி வந்தவர்களுக்கு அப்படி ஒன்று ஏன் இல்லை? தொலைவு காரணம் என்று சொல்வது போதாது. நேட்டாலுக்கும் மொரீசியசுக்கும் போனவர்கள் அரசு கண்காணித்த ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் போனார்கள். ஒப்பந்தத்துக்குக் கையொப்பக்காரர் வேண்டும், ஆகவே பெயர் எழுதப்பட்டது. இலங்கைக்கு வந்தவர்கள் சட்டப்படி சுதந்திரமான மாதக் கூலிகள். அவர்களைக் கட்டியிழுத்தது கங்காணி கொடுத்த முன்பணம். அந்தக் கடன் கங்காணியின் கணக்கில் இருந்தது, அரசின் ஏட்டில் இல்லை. ‘சுதந்திரமான’ பயணம் என்ற அந்தச் சட்டக் கற்பனைதான் இன்று நம் பூட்டன்மாரைப் பெயரற்றவர்களாக்கியிருக்கிறது. இதை எண்ணும்போது எனக்கு ஆறாத கோபம் வருகிறது.

1901இல் தகரத் துண்டு முறை வந்தது. 1904இல் தோட்டக்காரர்கள் திருச்சிராப்பள்ளியில் தொழிலாளர் ஆணையகம் ஒன்றை நிறுவினர். தோட்டத்தைக் குறிக்கும் எண் பொறித்த சிறு தகட்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு வந்தவர்களுக்கு வழிச்செலவு கொடுக்கப்பட்டு, அது தோட்டத்தின் பற்றில் எழுதப்பட்டது. சில குடும்பங்கள் இந்தத் தகடுகளைச் சாமிப்படத்துக்குப் பின்னால் இன்றும் வைத்திருக்கின்றன. உணர்வுபூர்வமான பொருள்தான், சான்றாக அதன் மதிப்பு என்ன? தகட்டில் ஆளின் பெயரில்லை, ஊரில்லை. எந்தத் தோட்டத்தின் செலவில் ஓர் ஆள் வந்தார் என்பதை மட்டும் அது சொல்லும். ஆனால் அந்த ஒரு தகவல் சாதாரணமானதல்ல. தோட்டம் தெரிந்தால் கங்காணி தெரிய வழியுண்டு. கங்காணி தெரிந்தால் ஊர் தெரிய வழியுண்டு.

ஏனெனில் கங்காணி ஆள் கட்டப் போனது தன் சொந்த ஊருக்கும் அதைச் சுற்றிய கிராமங்களுக்கும்தான். பெரிய கங்காணியின் கீழே பல சில்லறைக் கங்காணிகள். ஒவ்வொரு சில்லறைக் கங்காணியின் கூட்டமும் பெரும்பாலும் அவருடைய சொந்தக்காரர்கள், ஒரே சாதிக்காரர்கள், ஒரே ஊர்க்காரர்கள். தோட்டம் மாறும்போதும் கூட்டம் கலையவில்லை. கடன் தொகையை எழுதிய ‘துண்டு’ என்ற சீட்டை ஒரு தோட்டத்துரை (நிர்வாகி) கொடுப்பார். அடுத்த துரை அந்தக் கடனை அடைத்துக் கூட்டத்தை மொத்தமாக ஏற்றுக்கொள்வார். 1921இல் சட்டம் ஒழிக்கும்வரை இந்த முறை நீடித்தது. ஆகவே 1921க்கு முன் ஒரு குடும்பம் எட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பலாங்கொடைப் பக்கத்துக்கு நகர்ந்திருந்தால், அதோடு நகர்ந்த அயல் லயத்துக் (தோட்ட வரிசைவீட்டுக்) குடும்பங்களும் இருக்க வாய்ப்பு மிகுதி. உங்கள் குடும்பம் மறந்த ஊரின் பெயரை அந்த அயல் குடும்பம் நினைவில் வைத்திருக்கலாம்.

4. சப்ரகமுவ ஏன் வேறு

நுவரெலியாவை வைத்து எழுதப்பட்ட மலையக வரலாற்றைச் சப்ரகமுவவுக்கு அப்படியே பொருத்த முடியாது. பலாங்கொடை, இறக்குவானை மலைகளில் கோப்பி பயிரிடப்பட்டது. களனிப் பள்ளத்தாக்கின் எட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, தெரணியகலைப் பகுதிகள் 1880களில் தேயிலைக்காகத் திறக்கப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் இறப்பர் விலை ஏறியபோது பள்ளத்தாக்குகளும் தாழ்ந்த மலைச்சரிவுகளும் இறப்பர்க் காடாயின. களனிப் பள்ளத்தாக்கின் குறுகிய இரயில்பாதை அவிசாவளையைத் தாண்டி 1912இல் இரத்தினபுரிக்கும் 1919இல் ஓப்பநாயக்கவுக்கும் நீண்டது இந்த வேகத்தின் அடையாளம்.

இந்தக் கால வரிசை தேடலுக்கு நேரடியாக உதவும். ஓர் இறப்பர்த் தோட்டத்தில் நாலாம் தலைமுறையாக வாழும் குடும்பத்தின் முதல்வர் 1905க்கும் 1930க்கும் இடையில் வந்திருக்கக்கூடிய சாத்தியம் அதிகம். இறக்குவானை மலைத்தோட்டத்துக் குடும்பம் அதைவிட முந்தியதாயிருக்கலாம். தோட்டம் திறந்த காலத்தைப் பெர்குசனின் இலங்கை விவரக்கொத்திலிருந்து ஓரளவு கணிக்கலாம். அதில் தோட்டங்கள், ஏக்கர் அளவு, துரைமார் பெயர்கள் வரிசையாக உள்ளன. ஆனால் தோட்டத்தின் வயதைக் குடும்பத்தின் வருகைக் காலமாக எடுத்துக்கொள்வது நான் அடிக்கடி காணும் பிழை. மேலே சொன்ன கடன் துண்டு முறை அதற்கு இடம் தராது. 1930களின் பொருளாதார மந்தமும் அப்படியே. இறப்பர் விலை வீழ்ந்து பால்வெட்டு நின்றபோது பலர் ஊருக்கு அனுப்பப்பட்டனர். சிலர் பின்னர் வேறு தோட்டத்துக்குத் திரும்பி வந்தனர். ஒரே குடும்பத்துக்கு இரண்டு ‘வருகை’ இருக்கும்போது, பாட்டி சொல்வது ஒன்றாகவும் ஏடு சொல்வது மற்றொன்றாகவும் இருக்கும். இரண்டுமே சரியாக இருக்கலாம்.

மற்றொரு வேறுபாடு, அயல். இங்கே தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு இடையில் சிதறிக் கிடக்கின்றன. தமிழ்ப் பாடசாலை தொலைவில் இருந்த இடங்களில் பிள்ளைகள் சிங்கள மொழியில் படித்தார்கள். கலப்பு மணங்கள் நிகழ்ந்தன, பெயர்கள் மாறின. முத்துசாமி என்ற பெயர் ஆங்கிலக் கிளாக்கரின் கையில் பல எழுத்துக்கூட்டல்களைப் பெற்று, பிறகு சிங்களத்தில் எழுதப்பட்டு, அங்கிருந்து மீண்டும் தமிழுக்கு வரும்போது அடையாளம் தெரியாமல் போகிறது. சப்ரகமுவக் குடும்பத்தைத் தேடுகிறவர் மூன்று எழுத்துகளிலும் தேட வேண்டும். இன்று தமிழ்ப் பெயரே இல்லாத ஒரு கிளையும் இந்தக் கால்வழியின் கிளைதான். அதை ‘போய்விட்டது’ என்று கணக்கிலிருந்து நீக்குவதை என்னால் ஏற்க முடியாது.

5. பேர், பதிவு, செக்ரோல்

தோட்டத்தில் உண்மையில் எழுதப்பட்ட ஏடு செக்ரோல். காலைப் பிரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) பேர் விழுந்தால்தான் அன்றைய கூலி. அரைப்பேர், முழுப்பேர், மழைநாளில் பேர் இல்லை. கூலிக் கணக்குக்காக எழுதப்பட்ட அந்த ஏட்டில் ஒவ்வொரு கூட்டத்தின் ஆட்களும் தொடர்ந்து வருகிறார்கள். ஆண், பெண், வேலைக்கு வந்த சிறுவர் எல்லோரும். பிறப்புப் பதிவில் இல்லாத பெண்ணின் பெயர் செக்ரோலில் இருக்கும். சில பத்தாண்டுகளின் செக்ரோல் ஒரு தோட்டத்தில் தொடர்ச்சியாகக் கிடைத்தால், யார் எந்த ஆண்டு வேலையில் சேர்ந்தார், எப்போது பெயர் நின்றது என்பதை வைத்துத் தலைமுறைகளைக் கட்ட முடியும்.

பிறப்பு இறப்புப் பதிவு வேறு கதை. தோட்டத்தில் நிகழும் பிறப்பையும் இறப்பையும் மாவட்டப் பதிவாளருக்கு அறிவிக்கும் கடமையைச் சட்டம் துரையிடம் விட்டது. துரை அக்கறையோடு செய்த தோட்டத்தில் ஏடு இருக்கிறது. செய்யாத தோட்டத்தில் ஒரு தலைமுறையே பதிவின்றிப் பிறந்து இறந்தது. திருமணங்கள் பெரும்பாலும் பந்தலோடு முடிந்தன, பதிவுக்குப் போகவில்லை. ஆகவே பதிவு இல்லை என்பதற்காக ஒருவர் இங்கே பிறக்கவில்லை என்று முடிவுகட்ட முடியாது. அரசோ பலமுறை அந்த முடிவுக்கே வந்தது.

பெயரிடும் வழக்கத்தையும் தேடுகிறவர் நன்கு அறிந்திருக்க வேண்டும். பேரனுக்குப் பாட்டன் பெயர். ராமசாமியின் மகன் முத்துசாமி, முத்துசாமியின் மகன் ராமசாமி என்று இரண்டு பெயர்களே நூறாண்டு மாறிமாறி வரும். தகப்பன் பெயரோடு சேர்த்து எழுதிய இரண்டு பதிவுகளைப் பார்த்து ஒரே ஆள் என்று எண்ணினால் இரண்டு தலைமுறை ஒன்றாகச் சுருங்கிவிடும். வயதையும் மனைவியின் பெயரையும் சேர்த்துப் பார்க்காமல் எந்தப் பதிவையும் இணைக்கக்கூடாது.

ஓர் ஒப்பீட்டை இங்கே சொல்லாமல் விட முடியவில்லை. இலங்கையில் இறந்த ஐரோப்பியரின் கல்லறை வாசகங்களைப் பென்றி லூயிஸ் தொகுத்து 1913இல் நூலாக வெளியிட்டார். தோட்டத்துரைமாரின் வழித்தோன்றல்கள் இன்றும் அந்த நூலை விரித்துத் தங்கள் முன்னோரைக் காண்கிறார்கள். அதே மலைகளில், அதே ஆண்டுகளில் தேயிலைத் தூருக்கடியில் புதைக்கப்பட்டவர்களுக்குக் கல்லும் இல்லை, நூலும் இல்லை.

6. சட்டம் கேட்ட வம்சாவளி

பதிவு செய்யாத அரசே பிறகு வம்சாவளியைக் கேட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தின்படி, அதற்கு முன் இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவளிக் குடிமகனாக வேண்டுமானால், அவரது தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். தாயைப் பற்றிக் கேள்வியே இல்லை. தன் தந்தையின் பிறப்பைப் பத்திரத்தால் நிறுவ முடியாத இலட்சக்கணக்கானோர் நாடற்றவர்களாயினர்.

இந்த வரலாற்றின் இரண்டு முக்கியப் பக்கங்கள் கேகாலை மாவட்டத்தில் எழுதப்பட்டவை. 1946இல் நேவ்ஸ்மயர் தோட்டத்தை அரசு கிராம விரிவாக்கத்துக்காக எடுத்துக்கொண்டு, அங்கு வாழ்ந்த தமிழ்த் தொழிலாளரை வெளியேறச் சொன்னது. இந்திய வம்சாவளியினரின் அமைப்பான இலங்கை இந்தியக் காங்கிரஸ் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. வந்த தலைமுறைக்கு அந்த மண்ணில் உரிமை உண்டா என்ற கேள்வி சட்டத்துக்கு முன்பே அங்கே எழுந்துவிட்டது. பிறகு, ருவான்வெல்லைத் தொகுதி வாக்காளர் இடாப்பில் பெயர் சேர்க்கப்படாததை எதிர்த்த கோடகன் பிள்ளையின் வழக்கு. குடியுரிமைச் சட்டமும் தேர்தல் சட்டத் திருத்தமும் ஓர் இனத்தாரைக் குறிவைத்தவை என்ற வாதத்தை இலண்டன் பிரிவி கவுன்சில் 1953இல் நிராகரித்தது.

1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் வேறொரு வழி திறந்தது: 1946 ஜனவரி 1க்கு முன் மணமானவர்களுக்கு ஏழு ஆண்டு, மணமாகாதவர்களுக்குப் பத்து ஆண்டு தொடர்ந்த வதிவு. 1951 ஆகஸ்ட் 5 கடைசி நாள். சுமார் 2,37,000 விண்ணப்பங்கள், அவற்றில் சுமார் 8,24,000 பேர். குடியுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு.

அந்த விண்ணப்பங்களும் அவற்றின் விசாரணைக் குறிப்புகளும் வம்சாவளித் தேடலுக்கு மிகப்பெரிய ஏட்டுக் குவியல். ஆனால் அவற்றை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். ஊருக்குப் போய் நீண்டகாலம் தங்கியது வதிவை முறிக்கும் என்பதால், ஊர்த் தொடர்பைக் குறைத்துச் சொல்ல விண்ணப்பதாரருக்குக் காரணம் இருந்தது. 1964 அக்டோபர் 30இல் சிறீமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தபோது நிலைமை தலைகீழானது. 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும் எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் தீர்ப்பதென்றும் முடிவாயிற்று. 1974இல் அவர்களும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். இந்தியக் குடியுரிமை கேட்டவர் இப்போது ஊரின் பெயரையும் அங்குள்ள சொந்தத்தையும் விரித்து எழுத வேண்டியிருந்தது. ஒரே குடும்பம் 1951இல் ‘எங்களுக்கு அங்கே யாருமில்லை’ என்றும் 1970இல் ‘அங்கே பெரியப்பா இருக்கிறார்’ என்றும் எழுதியிருக்கலாம். இதைப் பொய் என்று தீர்ப்புச் சொல்கிறவர் அந்தக் காகிதம் எந்த அச்சத்தில் எழுதப்பட்டது என்பதை மறக்கிறார். இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால்தான் ஒன்று விட்டதை மற்றது தரும்.

7. குலதெய்வம், தீட்டு, சீர்

ஏடு நிற்கும் இடத்தில் உறவுமுறை தொடங்குகிறது. இதை ‘வாய்மொழி’ என்று ஒதுக்குவது சரியன்று. இதற்குள் கறாரான விதிகள் உள்ளன.

முதியவரிடம் ‘உங்கள் பாட்டன் பெயர் என்ன?’ என்று கேட்டால் பல வேளை பதில் வராது. புருசன் பெயரையும் மாமனார் பெயரையும் சொல்லாத பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். ‘யார் வீட்டு இழவுக்கு உங்களுக்குத் தீட்டு?’ என்று கேட்டால் பங்காளிகளின் முழு வட்டமும் வந்துவிடும். ‘பொண்ணு சடங்குக்குத் தாய்மாமன் சீர் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது?’ என்று கேட்டால் சட்டமும் பதிவேடும் துடைத்தெறிந்த தாய்வழி வெளியே வரும். தந்தைவழியை மட்டும் எழுதிய அரசுக்கு எதிராக, தாய்வழியைக் காத்தது சீர்த்தட்டுதான். முறைப்பெண், முறைமாப்பிள்ளைத் திருமணங்களால் இரண்டு குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பிணைந்திருப்பதால், ஒரு பக்கத்தின் ஊர் தெரிந்தால் மறுபக்கத்தின் ஊர் பெரும்பாலும் அதைச் சுற்றியே இருக்கும்.

குலதெய்வம் இன்னும் வலுவான சான்று. பங்காளிகள் எல்லோருக்கும் ஒரே தெய்வம், அதற்கு ஊரில் ஒரு மூலக்கோயில். தோட்டத்தில் கும்பிடப்படும் தெய்வங்கள் எல்லாம் குலதெய்வங்கள் அல்ல என்பதைப் பிரித்தறிவது முக்கியம். தோட்டத்து மாரியம்மன் எல்லோருக்கும் பொது. பெக்டரியின் ரோதை முனியும் கவ்வாத்து சாமியும் இங்கே, இந்த வேலையிலிருந்து பிறந்த தெய்வங்கள். அவை எந்த ஊரையும் காட்டமாட்டா. லயத்தின் பின்புறம் ஒரு குடும்பம் மட்டும் கல் நட்டுக் கும்பிடும் கருப்பனோ பெரியாண்டவரோதான் ஊரைச் சுட்டும்.

கூத்தும் குறிப்புத் தரும். பொன்னர் சங்கர் கதை நடக்கும் தோட்டத்தில் மணப்பாறை வீரப்பூர் சார்ந்த கொங்கு, திருச்சி எல்லைப்பகுதியின் தடம் உண்டு. ஆனால் நூறாண்டில் ஒரு தோட்டத்துக் கூத்து எல்லோருக்கும் சொந்தமாகிவிட்டது. அது கூட்டத்தின் சுவடேயன்றிக் குடும்பத்தின் சான்றாகாது. மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த நாட்டார் பாடல்களையும் இதே அளவுகோலில்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஊர்ப்பெயரும் ஏமாற்றும். புதுப்பட்டி, புதூர் என்ற பெயரில் திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பகுதிகளில் எத்தனையோ ஊர்கள். ஊர்ப்பெயர் தனித்து வந்தால் சான்றாகாது. ஊர், குலதெய்வம், அதே கூட்டத்தில் வந்த வேறொரு குடும்பத்தின் கூற்று ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் சந்திக்கும்போதுதான் ஊரை உறுதிசெய்ததாகக் கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

சாதியை விட்டு இதைப் பேச முடியாது. குலதெய்வத்தையும் ஊரையும் கேட்டால் சாதியும் வெளிவரும். தோட்டத்துக்கு வந்தவர்களில் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதியினர். பஞ்சத்தோடு சேரியின் மீதான அடக்குமுறையும் அவர்களைத் துரத்தியது. அப்படிப்பட்ட குடும்பத்தின் பேத்தி ஊரைத் தேடிப்போனால், ஊர்த்தெருவில் யாரும் அந்தப் பாட்டனை அறியார்; காலனியில் போய்க் கேட்க வேண்டும். ஊரின் பெயரைப் பிள்ளைகளிடம் சொல்லாமலே சில முதியவர்கள் இறந்தது மறதியால் அல்ல என்று நான் நம்புகிறேன். அவர்கள் மறைத்ததை வெளியே எடுக்க ஆய்வாளருக்குத் தானாக உரிமை வந்துவிடாது. குடும்பத்தார் வேண்டாமென்றால் தேடல் அங்கேயே நிற்க வேண்டும்.

8. பிரிந்த கிளைகள்

சிறீமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி போனவர்களைத் தேடுவதற்கு இந்தியத் தூதரகம் கொடுத்த குடும்ப அட்டையே முதல் சாவி. குடும்பத்தார் பெயர்கள் ஒன்றாக எழுதப்பட்ட காகிதம் அது. தலைமன்னாரிலிருந்து கப்பலேறி, மண்டபம் முகாமில் இறங்கியவர்கள் அங்கிருந்து பல திசைகளில் அனுப்பப்பட்டனர். கூடலூர், கோத்தகிரி என்றதும் எல்லோரும் 1968இல் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டங்களை நினைக்கிறார்கள். சப்ரகமுவக் குடும்பத்தைத் தேடுகிறவர் அங்கே மட்டும் பார்த்தால் போதாது. பால்வெட்டத் தெரிந்தவர்களுக்கு இறப்பர்த் தோட்டங்கள் ஒதுக்கப்பட்டன: கேரளத்தின் புனலூரில் 1976இல் நிறுவனமாக்கப்பட்ட மறுவாழ்வுத் தோட்டங்கள், கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூர் பகுதிகள், கன்னியாகுமரி மாவட்டத்தின் அரசு இறப்பர்த் தோட்டங்கள். காவத்தையிலும் தெஹியோவிட்டவிலும் பால்வெட்டும் கத்தி பிடித்த கை மலையாளமும் கன்னடமும் பேசும் ஊர்களில் அதே வேலையைத் தொடர்ந்தது. தமிழ்நாட்டில் மட்டும் தேடி ‘காணோம்’ என்று விட்டவர்கள் பலர் இந்த இடங்களில் கிடைக்கக்கூடும்.

குடும்பங்கள் ஒன்றாகப் போகவில்லை. பெற்றோர் இந்தியப் பிரஜைகள், மணமான மகன் இலங்கைப் பிரஜை, தம்பி இரண்டுமற்றவன் என்று ஒரே லயக் காம்பராவில் (அறையில்) மூன்று சட்டநிலைகள் இருந்தன. 1984இல் போர்ச்சூழலில் கப்பல் நின்றபோது, இந்தியக் கடவுச்சீட்டோடு தோட்டத்திலேயே எஞ்சியவர்களும் இருந்தார்கள். 1986, 1988, 2003 ஆண்டுச் சட்டங்களால்தான் நாடற்ற நிலை படிப்படியாக முடிந்தது.

வடக்கே போன கிளையின் கதை வேறு. 1972, 1975 நிலச் சீர்திருத்தத்தை ஒட்டி எழுந்த பட்டினியும் வெளியேற்றமும், 1977இன் கலவரமும், 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, பலாங்கொடை, இறக்குவானைப் பகுதிகளில் லயங்கள் எரிக்கப்பட்டதும் பலரை வன்னிக்குத் துரத்தின. காந்தியம் என்ற தொண்டு அமைப்பு அவர்களை வவுனியாப் பக்கம் குடியேற்றியது. லயத்தோடு எரிந்தது பிறப்புப் பத்திரம்; வன்னிப் போரில் எரிந்தது மிச்சம். சிலர் அங்கிருந்து கடல் கடந்து தமிழ்நாட்டு அகதி முகாம்களில் சேர்ந்தார்கள். பூர்வீகமாக இந்தியர், சட்டப்படி அகதி என்ற அவர்களின் நிலை 2019இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை முன் வந்தபோது, குடியுரிமைக்கு விண்ணப்பிக்க அனுமதித்து அரசு பரிசீலிக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. அந்த விண்ணப்பத்துக்குத் தேவைப்படும் பூர்வீகச் சான்றுக்கான தடம், பல வேளை அவர்கள் விட்டோடிய தோட்டத்தின் செக்ரோலில்தான் இருக்கிறது.

ஆகவே ஒரு கிளையை மட்டும் வைத்துக்கொண்டு எழுதும் வம்சாவளி குறைபடும். புனலூர்க் கிளையிடம் குடும்ப அட்டை இருக்கும். தோட்டத்திலேயே இருக்கும் கிளைக்குக் கூட்டத்தின் பெயரும் யார் எங்கே புதைக்கப்பட்டார் என்பதும் தெரியும். கிளிநொச்சிக் கிளையின் கிழவி ஒப்பாரியில் ஊர்ப்பெயர் இருக்கும்.

செக்ரோல்களின் நிலைமையே இப்போது அவசரமானது. பிரித்தானிய ஸ்டேர்லிங் கம்பெனிகளிடமிருந்து 1975இல் அரசுக்கும், 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பெனிகளுக்கும் தோட்டங்கள் கைமாறின. ஒவ்வொரு கைமாற்றத்திலும் பழைய ஏடுகள் யாருக்கும் பொறுப்பற்ற காகிதமாயின. பலாங்கொடை, காவத்தை, கேகாலை, ஹப்புகஸ்தென்ன, களனிப் பள்ளத்தாக்கு என்று சப்ரகமுவவின் பெயர்களையே தாங்கிய கம்பெனிகள் இன்று இருக்கின்றன. அவற்றின் தோட்ட அலுவலகங்களில் எஞ்சியுள்ள செக்ரோல்களையும் பிறப்பு அறிவிப்பு ஏடுகளையும் தேசிய ஆவணக் காப்பகம் பொறுப்பேற்றுப் படமெடுக்க வேண்டும். அந்தந்தத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஆசிரியர்களையும் பல்கலைக்கழக மாணவர்களையும் இந்த வேலையில் அமர்த்த வேண்டும். கூட்டத்தின் பெயரைப் பார்த்தவுடன் அது எந்த லயம், எந்தக் கங்காணி என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள் வீட்டு முதியவர்கள்தான். ஏட்டைப் படமெடுக்கும்போதே அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டு எழுத வேண்டும்.